மேசைக்கு அடியில் இருந்த மூடி

இதில் வருவது அத்தனையும் நடந்தது. ஒரு சொல் கூட்டிச் சொல்லியிருந்தாலும் எழுதிய கை விளங்காமல் போகட்டும். சில இடங்களில் குறைத்துச் சொல்லியிருக்கிறது, உண்மைதான். முழுசாகச் சொன்னால் நம்ப மாட்டீர்களே என்ற பயத்தில் குறைத்தது. மற்றபடி சத்தியம், சத்தியம், சத்தியம்.

கடிகாரக்காரர் வீட்டுக் குளியலறை பேச ஆரம்பித்தது ஒரு மழைக்காலத்தில். முதல் பேச்சு அவர் மனைவியோடுதான். சமையலறைத் தொட்டியில் பாத்திரம் கழுவிய தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டுத் திரும்பினாள். ஆளில்லாத குளியலறைக்குள் யாரோ தொண்டையைக் கொப்பளிக்கிற மாதிரி ‘கொடகொட’ என்றது. எட்டிப் பார்த்தாள். தரையில் தண்ணீர் போகும் சல்லடையில் இரண்டு குமிழிகள் வந்து, அவளைப் பார்த்துவிட்டு உடைந்தன.

“என்னங்க, நான் சிங்க்ல தண்ணி விட்டா பாத்ரூம் பதில் சொல்லுது.”

“பழைய வீடு. பேசத்தான் செய்யும்” என்றார் கடிகாரக்காரர், கண்ணில் செருகியிருந்த லென்ஸை எடுக்காமலே.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. தெரு அதை மறந்து வெகுகாலமாகிவிட்டது. கோபம் வந்தால் மனைவிகூடக் கடிகாரக்காரர் என்றுதான் கூப்பிடுவாள். வீட்டின் பின்கட்டை ஒட்டி அவர் கட்டிக்கொண்ட சின்ன அறைதான் பட்டறை. அங்கே வந்து போகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே உபதேசம்தான் கிடைக்கும். “நின்னுபோன கடிகாரத்தைக் கொண்டு வர்றீங்களே, இது வைத்தியமா, போஸ்ட்மார்ட்டமா? நல்லா ஓடும்போதே கொண்டு வாங்க. திறந்து, துடைச்சு, ஒரு சொட்டு எண்ணெய் வச்சுத் தர்றேன். உங்க பேரன் காலத்துக்கும் ஓடும்.” இதைக் கேட்காமல் அந்தப் பட்டறையை விட்டு ஒரு கைக்கடிகாரம்கூட வெளியே போனதில்லை.

பட்டறை கட்டிய இடத்தில்தான் வில்லங்கம். அவர் அப்பா காலத்து வீடு. சமையலறை, குளியலறை, கக்கூஸ் மூன்றின் தண்ணீரும் சுட்ட மண் குழாய்கள் வழியாகப் பின்முற்றத்துக்கு வந்து ஒரு சேம்பரில், அதாவது தரைக்கு அடியில் கட்டிய குழியில், ஒன்றுசேரும். அங்கிருந்து ஒரே குழாயாகப் பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிப் போய், தெருவில் இருக்கும் பாதாளச் சாக்கடையில் விழும். அந்தச் சேம்பருக்கு ஓர் இரும்பு மூடி. அடைப்பு வந்தால் திறக்க வேண்டிய வாய் அது ஒன்றுதான். ஆனால் யார் மிதித்தாலும் அது ‘டடக்’ என்று ஆடும். ரோமத்தைவிட மெல்லிய ஸ்பிரிங்கை இடுக்கியில் பிடித்திருக்கும் மனிதருக்கு அந்த ‘டடக்’ ஒரு கொலை முயற்சி. ஸ்பிரிங் துள்ளி எங்கேயோ போய்விடும். பிறகு வீடு முழுவதும் நாலுகாலில் தேட வேண்டும்.

ஆகவே அவர் சரியாக அந்த மூடியின் மேலேயே பட்டறையைக் கட்டினார். கொத்தனார் சிமெண்டைக் குழைத்துக்கொண்டிருந்தபோது மனைவி வாசலில் வந்து நின்று, “இதைப் பூசாதீங்க. நாளைக்கு அடைச்சுக்கிட்டா எதைத் திறப்பீங்க?” என்று கேட்டாள்.

“அடைக்காது. எங்கப்பா போட்ட குழாய்.”

“உங்கப்பாவுக்கே அடைப்பு வந்துதானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம்?”

கொத்தனார் சிரிப்பை அடக்கிக்கொண்டு பூசி முடித்தார்.

பூசிய தரையை மட்டம் பார்ப்பதிலேயே கடிகாரக்காரரின் நடுவயது கழிந்தது. அந்தத் தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால், எந்தப் பக்கம் உருளுவது என்று தெரியாமல் வைத்த இடத்திலேயே கிடந்து வயதாகும். அதன் மேல் போட்ட மேசையின் ஒரு மூலையில் ஈ உட்கார்ந்தால், மட்டம் கெடக் கூடாதே என்று இன்னோர் ஈ எதிர் மூலையில் போய் உட்காரும். மேசையை ஒட்டி ஆளுயரப் பெண்டுல கடிகாரம் ஒன்று நின்றது. தெருவில் எல்லாரும் அதைக் கேட்டுத்தான் தங்கள் கடிகாரங்களைத் திருத்திக்கொள்வார்கள். அது ஒருநாளும் நின்றதில்லை. அவர் நிற்க விட்டதில்லை. மூடி எங்கே இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்பதும் தெரியும்.

குளியலறை பேச்சோடு நிற்கவில்லை. கக்கூஸில் தண்ணீர் ஊற்றினால் முதலில் மேலே ஏறி, விளிம்பு வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, யோசித்து, மெதுவாக இறங்கியது. மழை நின்று வெயில் வந்த பிறகும் ஒரு வாடை போகவில்லை. சல்லடை வழியாகக் கரப்பான்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கின. பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் மரம் மட்டும், தெருவில் மற்ற மரமெல்லாம் காய்ந்து நின்றபோது, கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி தளதளவென்று நின்றது.

“எங்கிருந்து தண்ணி கிடைக்குதுன்னே தெரியல. நான் ஊத்துறதே இல்ல” என்று டாக்டர் சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பெருமைப்பட்டார்.

“எனக்குத் தெரியும் டாக்டர்” என்றாள் கடிகாரக்காரரின் மனைவி. “எங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் சேந்து ஊத்துறோம்.”

கடிகாரக்காரர் தம் தொழில் முறைப்படியே போனார். எந்தப் பல்சக்கரம் சிக்குகிறதோ அதை மட்டும் பார். குளியலறை முனகினால் குளியலறைக்கு ரப்பர் கட்டையை வைத்து அழுத்தினார். தொட்டி மக்கர் செய்தால் தொட்டியில் ஆசிட் ஊற்றினார். கக்கூஸுக்கு அண்டா நிறையக் கொதிக்கிற தண்ணீர். ஒவ்வொரு வைத்தியமும் அன்றைக்கு மட்டும் பலித்தது. மறுநாள் மூன்றும் கூடிப் பேசி வைத்தது போல ஒரே குரலில் கொடகொடத்தன. அவருக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. ஒரு மனிதன் நிம்மதியாக ஒரு முள்ளைக்கூட மாட்ட முடியவில்லை என்றால் என்ன வீடு இது?

மனைவி ஈரத்துணியைப் பிழிந்தபடியே பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

“கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க. சிங்க் மட்டும் அடைச்சா சிங்க்ல கோளாறு. பாத்ரூம் மட்டும் அடைச்சா பாத்ரூம்ல கோளாறு. இங்க ஒண்ணு குடிச்சா இன்னொண்ணு ஏப்பம் விடுது. அப்படின்னா எல்லாம் வந்து சேர்ற இடத்துல அடைச்சிருக்கு. அது எங்கன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். உங்க காலுக்கு அடியில.”

கடிகாரக்காரர் தம் காலைப் பார்த்தார். பிறகு பெண்டுலத்தைப் பார்த்தார். “இந்தத் தரையை உடைச்சா மறுபடி மட்டம் வராது.”

“வர வேணாம். நானும் சொல்லிட்டேன். இன்னும் ஒரே ஒரு தடவை அந்தத் தண்ணி மேல ஏறி வரட்டும், நான் தம்பி வீட்டுக்குப் போயிடுவேன். அங்க பாத்ரூம் வாயை மூடிக்கிட்டு இருக்கும். நீங்களும் உங்க மட்டமும் நல்லா இருங்க.”

அவள் இப்படி முன்பும் சொன்னதுண்டு. அப்போதெல்லாம் கத்திச் சொல்வாள். இந்தத் தடவை மெதுவாகச் சொன்னாள். கடிகாரக்காரரின் காது சின்னச் சத்த வித்தியாசத்தைக்கூடத் தவறவிடாத காது.

மறுநாள் காலையிலேயே பிளம்பரைக் கூப்பிட்டார். தெரு அவருக்கு வைத்திருந்த பெயர் பாதாளம். பூமிக்கு அடியில் தமக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று அவரே சொல்லிச் சொல்லி வந்த பெயர்.

“சேம்பர் மூடி எங்கண்ணே?” என்றார் பாதாளம் வந்ததும், ஒன்றும் தெரியாதவர் போல.

மனைவி பட்டறை மேசையைப் பார்த்தாள். பாதாளமும் பார்த்தார். கடிகாரக்காரர் மேசைக்கு முன்னால் வந்து கைகளை விரித்து மறைத்துக்கொண்டு, “மூடியெல்லாம் கிடையாது. மேல இருந்தே பாரு” என்றார்.

“மேல இருந்தா? பரவால்ல. நான் கடலுக்கு அடியிலயே அடைப்பு எடுத்தவன்.”

பாதாளம் கக்கூஸ் வழியாக அடைப்பெடுக்கும் நீள இரும்பு ஸ்பிரிங்கை விட்டுச் சுழற்றினார். அது போனது. போய்க்கொண்டே இருந்தது. ஸ்பிரிங் தீர்ந்ததும் அதன் வாலில் இன்னொரு ஸ்பிரிங்கைக் கட்டினார். அதுவும் தீர்ந்தது. துணி காயப்போடும் கம்பியை அவிழ்த்துக் கட்டினார். “பிடிச்சிட்டேன், பிடிச்சிட்டேன்!” என்று அவர் துள்ளிக்கொண்டிருந்த நேரத்தில், அடுத்த தெரு சலூன்காரர் கையில் கத்திரியோடு மூச்சிரைக்க வந்து நின்றார்.

“யாருய்யா இந்த ஸ்பிரிங்க விட்டது? என் கடை வாஷ்பேசின்ல இருந்து பாம்பு மாதிரி எந்திரிச்சு நிக்குது. கஸ்டமர் பாதி மீசையோட ஓடிட்டாரு. மீதி மீசைக்கு யாரு பொறுப்பு?”

ஸ்பிரிங்கை இழுத்துச் சுற்றி எடுக்கவே மத்தியானமாகிவிட்டது. பலன் இல்லாமல் போகவில்லை. அடைப்புக்கு நடுவே விரல் பருமனில் ஓர் ஓட்டை விழுந்திருந்தது. அதனால் கொஞ்ச நாள் தண்ணீர் போனது. கடிகாரக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். “பாத்தியா? தரையைத் தொடாமலே சரி பண்ணிட்டேன்.” அந்த வாரம் முழுவதும் மனைவி ஒவ்வொரு தடவை தண்ணீர் திறக்கும்போதும் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டாள். பெட்டி கட்டவுமில்லை, பெட்டியை எடுத்துப் பரணில் போடவுமில்லை. அது கட்டிலுக்கு அடியில் பாதி தெரிகிற மாதிரி இருந்தது.

ஓட்டை மறுபடி தூர்ந்தது. கடிகாரக்காரர் நகராட்சி அலுவலகத்துக்குப் போன் செய்து, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் லாரியை அனுப்பச் சொன்னார். அந்தப் பக்கத்து ஆள் எதையோ புரட்டும் சத்தம் கேட்டது.

“சார், எங்க மேப்ல உங்க தெருவுல லைனே காட்டலையே.”

“உங்க மேப்ல இல்லாதது என் பாத்ரூம்ல ஏறி வருதுய்யா! நேர்ல வந்து பாரு!”

“லைன் இல்லாத தெருவுக்கு லாரி அனுப்ப எங்களுக்கு பவர் இல்ல சார்.”

“அப்ப என் வீட்டுல வர்றது என்ன, பன்னீரா?”

போனை வைத்துவிட்டார்கள். கடிகாரக்காரரும் ரிசீவரைப் பொத்தென்று வைத்தார். இந்த உலகத்தில் பொறுப்புள்ளவன் ஒருத்தன்கூட இல்லை என்று அவருக்குத் தோன்றியது. அந்தப் பொறுப்பில்லாதவர்களில் தாமும் சேர்த்தி என்பது அப்போது தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். மனைவியின் தம்பி. அடுக்குமாடியில் குடியிருப்பவர். அங்கே எல்லாமே பொத்தானை அமுக்கினால் நடக்கும் என்று வருகிற போதெல்லாம் சொல்பவர். கனத்த உடம்பு, கனத்த குரல்.

“அத்தான், குளிச்சிட்டு வந்துடறேன். பாத்ரூம் இன்னிக்கு என்கூடப் பேசுமா?”

“போய்க் குளிங்க மச்சான். பேசினா என்னைக் கேட்டதாச் சொல்லுங்க” என்றார் கடிகாரக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு.

மச்சான் பாடிக்கொண்டே உள்ளே போய்த் தாளிட்ட நேரம், சமையலறைக்குப் பக்கத்திலிருந்த வாஷிங் மெஷின் ஒரு மூட்டைத் துணியை அலசி முடித்து, வயிற்றில் இருந்த தண்ணீரை மொத்தமாகக் கொட்டியது.

முதலில் பாட்டுச் சத்தம் நின்றது. பிறகு, “அக்கா!”

“என்னடா?”

“தண்ணி வருதுக்கா!”

“வரட்டுமே, குளி.”

“மேல இருந்து இல்லக்கா, கீழ இருந்து!”

மச்சான் ஸ்டூல் மேல் ஏறியிருக்கிறார். அப்புறம் ஸ்டூலும் மிதந்ததாம். கதவு படாரென்று திறந்தது. இடுப்பில் துண்டோடு, துணி அலசும் பிளாஸ்டிக் டப்பில் சம்மணமிட்டு உட்கார்ந்தபடி மச்சான் வெளியே வந்தார். கையில் இருந்த குவளையால் இரண்டு பக்கமும் துடுப்புப் போட்டு, நடையைத் தாண்டி, கூடத்தில் ஒரு வளைவு எடுத்து, சாப்பாட்டு மேசையின் காலைப் பிடித்துக் கரையேறினார். வழியில் ஓரிடத்தில்கூட அவர் கால் தரையில் படவில்லை. சோப்பு தனியாகப் பின்னால் வந்தது.

கடிகாரக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் திட்டியிருந்தால் சமாளித்திருப்பார். அழுதிருந்தால்கூட ஏதாவது சொல்லியிருப்பார். அவள் உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் இருந்து பெட்டியை இழுத்தாள்.

“இந்தா பாரு, கொஞ்சம் நில்லு. பாதாளத்தைக் கூப்பிடறேன். இந்தத் தடவை பெரிய ஸ்பிரிங்…”

அவள் சீப்பை வைத்தாள். மூக்குக் கண்ணாடியை வைத்தாள். தலைமாட்டில் இருந்த சின்ன மேசைக் கடிகாரத்தை எடுத்தாள். கல்யாணமான புதிதில் அவர் தம் கையாலேயே சேர்த்துக் கொடுத்தது. அதைப் பெட்டியில் வைக்கவில்லை. பட்டறைக்கு எடுத்துப் போய் அவர் மேசை மேல் வைத்தாள்.

“இது லேட்டா ஓடுதுன்னு எவ்வளவு காலமாச் சொல்றேன்? ஊர்ல உள்ளவங்களை எல்லாம் ஓடும்போதே கொண்டு வாங்கன்னு பாடம் எடுக்கறீங்க. நீங்க குடியிருக்கிற வீட்டை மட்டும், நிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்னு விட்டீங்க. நான் நின்னுட்டேங்க. போயிட்டு வர்றேன்.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மச்சான் துண்டைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, நான் சட்டை போட்டுக்கறேன், இருக்கா” என்று பின்னாலேயே ஓடினார்.

கடிகாரக்காரர் அந்தச் சின்னக் கடிகாரத்தைக் காதில் வைத்தார். அது நடக்கவில்லை, இழுத்துக்கொண்டு போனது. உள்ளே எண்ணெய் காய்ந்து கோந்தாகியிருக்கும். திறந்து துடைத்தால் தீர்ந்தது. பத்துப் பேருக்குத் தினம் சொல்லும் வைத்தியம். அவர் எழுந்தார். பெண்டுல கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்தார். ஒற்றை விரலை நீட்டி, ஆடிக்கொண்டிருந்த பெண்டுலத்தை நிறுத்தினார்.

அந்த வீட்டில் யாரும் கேட்டிராத ஒரு நிசப்தம் விழுந்தது. தெருவில் போன ஆள்கள் நின்று தங்கள் மணிக்கட்டுகளைப் பார்த்தார்கள். வாசல்படியில் ஒரு காலை வைத்துவிட்ட மனைவி அப்படியே நின்றாள். பிறகு பெட்டியைப் படியிலேயே வைத்துவிட்டு, தான் மட்டும் உள்ளே வந்து பார்த்தாள். கடிகாரக்காரர் மேசையை மூச்சுப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“என்ன பாக்கறே? கடப்பாரை எங்கே இருக்குன்னு சொல்லு.”

“கதவுக்குப் பின்னால. பூசின அன்னிக்கே எடுத்து வச்சது” என்றாள் அவள்.

முதல் குத்து அவர் கையாலேயே விழுந்தது. ஒவ்வொரு குத்துக்கும் தம் பல்லே உடைகிற மாதிரி முகத்தைச் சுளித்தார். மச்சான் துண்டோடேயே கைகொடுத்தார். சத்தம் கேட்டுப் பாதாளம் ரப்பர் பூட்ஸும் கையுறையுமாக ஓடி வந்து, “நான் அன்னிக்கே சொன்னேன், மூடி இங்கதான்னு” என்று சொல்லாததைச் சொன்னதாகச் சொன்னார். சிமெண்ட் பெயர்ந்து மூடி தெரிந்தது. திறந்தார்கள். அதைப் பற்றிக் குறைத்துச் சொல்வதுதான் மரியாதை: மூக்குள்ள எல்லாரும் இரண்டடி பின்னால் போனார்கள்.

பாதாளம் கொக்கியைப் போட்டு இழுத்ததில் முதலில் வந்தது வெள்ளை வெளேரென்று ஒரு கட்டி. குளியலறை ஸ்டூல் அளவு, மெழுகு மாதிரி இறுகியிருந்தது. வறுத்த சட்டியில் மிஞ்சிய எண்ணெய், பல வருஷத்தது. கடிகாரக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் மேற்கூரையைப் பார்த்தாள்.

“சூடா ஊத்தினா ஓடிடும்னு நினைச்சேன்.”

“ஓடுச்சு. ஆர்ற வரைக்கும் ஓடுச்சு.”

அடுத்து வந்தது முறுக்கின கயிறு போல ஈரக் காகிதத் துண்டுகள். முகம் துடைத்துவிட்டுக் கக்கூஸில் போடுபவை. இந்தத் தடவை எல்லாரும் மச்சானைப் பார்த்தார்கள்.

“தண்ணி ஊத்தினாப் போயிடும்னு பாக்கெட்லயே போட்டிருந்துச்சு அத்தான்!”

“போச்சு மச்சான். இது வரைக்கும் போச்சு.”

அதற்குள் சிக்கியிருந்தது ஒரு பெண்கள் கைக்கடிகாரம். யாரோ பழுதுபார்க்கக் கொடுத்ததைக் கடிகாரக்காரர் கழுவும்போது தொட்டியில் நழுவவிட்டு, யாருக்கும் சொல்லாமல் அதே மாதிரி வேறொன்று வாங்கிக் கொடுத்து ஒப்பேற்றியது. அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதினால் நீங்கள் கதை விடுவதாகச் சொல்வீர்கள். ஓடவில்லை. நின்றுதான் போயிருந்தது. இங்கே பொய் எழுதப்படவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். மனைவி அதையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். மூன்று பேரும் ஆளுக்கொரு பங்கு போட்டிருந்ததால் யாரும் யாரையும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அதற்குப் பின்னால்தான் உண்மையான ஆள் இருந்தார். வேர். இரண்டு மண் குழாய்கள் சேரும் இடத்தில் விட்டுப்போன மயிரிழை இடுக்கு வழியே ஈரம் தேடி உள்ளே வந்து, வசதியைக் கண்டு, குடும்பத்தைப் பெருக்கி, குழாய் நிறைய ஒரு குதிரை வாலாக வளர்ந்திருந்தது. பாதாளம் அதில் கயிற்றைக் கட்டினார். நான்கு பேரும் பிடித்து இழுத்தார்கள்.

வேர் வந்தது. வந்துகொண்டே இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் பல் டாக்டர் மர நிழலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் பேப்பரில் வெயில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தார். மரமும் மெல்ல உட்கார்ந்துகொண்டிருந்தது.

“யாரது என் மரத்தை இழுக்கறது!”

“நாங்கதான் டாக்டர்!” என்று கத்தினார் மச்சான். “வேர் கொஞ்சம்தான் பாக்கி. வலிக்காது, அப்படியே பொறுத்துக்குங்க!”

ஓர் இழுப்புக்கு ஒரு கிளை மண்ணுக்குள் போனது. உச்சிக் கிளையில் கூடு கட்டியிருந்த காகம், மரம் சுவர் மட்டத்துக்கு வந்ததும் பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி சுவரில் கால் எடுத்து வைத்து நின்று, பின்னால் திரும்பிப் பார்த்தது. டாக்டர் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். முழங்கால் வரை அவரும் போனார் என்று சொல்வார்கள். அதெல்லாம் மிகை, கணுக்கால் வரைதான். கடைசியில் பாதாளம் வேர் வெட்டும் கத்தியை உள்ளே விட்டு அறுத்தார். இங்கே நான்கு பேரும் மல்லாந்து விழுந்தார்கள். அங்கே மரம் விட்டால் போதும் என்று கொஞ்சம் மேலே எழும்பி, டாக்டரின் இடுப்புயரத்தில் நின்றுகொண்டது. இன்றைக்கும் அவர் அதற்குக் கத்தரிக்கோலால்தான் முடி வெட்டுகிறார்.

அதே கணத்தில் வீடு ஒரு பெருமூச்சு விட்டது. குளியலறை, கக்கூஸ், தொட்டி எல்லாம் ஒரே மடக்கில் காலியாயின. கூடத்தில் கிடந்த மிதியடியும் சோப்பும் குளியலறை வரை இழுபட்டுப் போய்ச் சல்லடையில் நின்றன.

மனைவி சமையலறைக்குப் போனாள். தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்தாள். அடைப்பானை எடுத்தாள். குளியலறைப் பக்கம் தலையைச் சாய்த்தாள். பட்டறையில் இருந்தவர்களும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

ஒரு குமிழி இல்லை. ஒரு வார்த்தை இல்லை.

திரும்பி வந்து, இடிந்து கிடந்த தரையின் விளிம்பில் நின்றாள். கடிகாரக்காரர் தலையெல்லாம் சிமெண்ட் தூளோடு கீழே உட்கார்ந்திருந்தார்.

“இந்த மூடியை மறுபடி பூசினீங்கன்னா?”

“பூச மாட்டேன். கைப்பிடி வச்சு விடறேன்.”

“ஆடி ஆடி ‘டடக்’குனு சத்தம் போடும்.”

“போட்டுட்டுப் போகட்டும்.”

அவள் வாசலுக்குப் போய்ப் பெட்டியை எடுத்து வந்தாள். அதைப் பரணில் போடும்படி தம்பியிடம் சொன்னாள். பிறகு, “முதல்ல சட்டையைப் போடுடா” என்றாள்.

உடைந்திருந்த மண் குழாயை எடுத்துவிட்டு, இணைப்பே இல்லாத ஒற்றை பிளாஸ்டிக் குழாயைப் பாதாளம் போட்டுக் கொடுத்தார். மிஞ்சிய எண்ணெய் இப்போது ஆறிய பிறகு ஒரு டப்பாவுக்குப் போய், அங்கிருந்து குப்பைக்குப் போகிறது. மச்சான் வரும்போது அவருக்கென்று கக்கூஸ் வாசலில் மூடி போட்ட ஒரு கூடை காத்திருக்கிறது. மேசை அறையின் மூலைக்குப் போய்விட்டது. அங்கே தரை கோணல். கோலிக்குண்டு வைத்தால் ஓடுகிறது. பெண்டுல கடிகாரம் முன்னைப் போல் அவ்வளவு கச்சிதமாக இல்லை, தெரு முழுவதும் பஸ்ஸைத் தவறவிடுகிறது. கடிகாரக்காரர் அதைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதற்குச் சாவி கொடுத்த கையோடு, மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்து, ஒரு வாளி தண்ணீர் விட்டு, அது தயங்காமல் ஓடுகிறதா என்று காது வைத்துக் கேட்கிறார். அப்போது யாராவது கைக்கடிகாரத்தோடு வந்தால் அவருக்கும் அதைக் காட்டாமல் விடுவதில்லை. “ஓடும்போதே திறந்து பாக்கணும். தண்ணி கொஞ்சம் தயங்கினா, ஒரு இடத்துல விட்டது இன்னொரு இடத்துல முனகினா, அன்னிக்கே பாக்கணும். நின்ன பிறகு பாத்தா பொண்டாட்டி பெட்டியத் தூக்கிடுவா.”

மனைவியின் சின்ன மேசைக் கடிகாரத்தையும் அன்றைக்கே திறந்து, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் வைத்துக் கொடுத்தார். இப்போது அந்த வீட்டில் சரியான நேரம் காட்டுவது அது ஒன்றுதான்.

நகராட்சி மேப்பில் மட்டும் அந்தத் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை இன்றுவரை வரவில்லை.